வில்லின் பாடாந்தரம்: ஸ்காட்லாந்து ஃபிடில் விழாக்களில் கலைஞரின் பணி

ஸ்காட்லாந்தின் ஃபிடில் இசையைப் பற்றிய பேச்சில் ஒரு வருத்தம் அடிக்கடி ஒலிக்கிறது. ஆடுவதற்கென்று பிறந்த இசை இன்று உட்கார்ந்து கேட்கும் இசையாகிவிட்டது. திருமண வீட்டிலும் பண்ணைக் கொட்டகையிலும் ஆடுவோரின் கால்களைப் பார்த்து வாசித்தவர் இப்போது ஒலிவாங்கியின் முன் நிற்கிறார். இதற்கெல்லாம் விழா மேடைதான் காரணம் என்பது அந்த வருத்தம். எடின்பரோவில் 1996 முதல் நடந்துவரும் ஸ்காட்ஸ் ஃபிடில் விழாவையும், பெர்த்ஷயரின் டன்கெல்ட், பர்னம் என்னும் அடுத்தடுத்த ஊர்களில் 2004இல் தொடங்கிய நீல் கவ் ஃபிடில் விழாவையும் இந்தப் பார்வையோடு அணுகினால், அங்கே வாசிக்கும் கலைஞர் தம் மரபிலிருந்து ஒரு படி இறங்கியவராகவே தெரிவார்.

இந்தப் பார்வை வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை என்பது என் வாதம். ஸ்காட்லாந்து ஃபிடில் இசை தொடக்கத்திலிருந்தே அச்சையும் அவையையும் அறிந்த இசை. அச்சில் ஏறாமல் நின்றது வில்லைக் கையாளும் முறை ஒன்றே. அதைக் கைக்குக் கை கடத்தும் இடமாக இன்றைய விழா இருக்கிறது. ஆகவே ஒரு விழாக் கலைஞரை அவருடைய மாலைக் கச்சேரியை மட்டும் வைத்து மதிப்பிடுவது அவர் பணியில் பாதியைக் காணாமல் விடுவதாகும். மேடைக்கென்று குறைகள் உண்டு. அவற்றுள் பெரியது ஸ்ட்ராத்ஸ்பே என்னும் இசைவடிவத்துக்கு நேர்ந்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

டன்கெல்ட் விழாவுக்குப் பெயர் தந்த நீல் கவ் (1727–1807) அருகிலுள்ள இன்வர் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். நெசவுத் தொழிலுக்குப் பழக்கப்பட்டவர். அதோல் பிரபுக்களின் ஆதரவைப் பெற்று, பெரிய மாளிகைகளின் நடன அரங்குகளில் வாசித்தார். ஹென்றி ரேபர்ன் அவரை ஓவியமாகத் தீட்டினார். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1787இல் அவரைச் சந்தித்தார். தம்பி டொனால்ட் செல்லோவில் துணை வாசிக்க, அண்ணன் ஃபிடில் வாசித்த அந்த இருவர் குழு நம் மொழியில் சொன்னால் ஒரு சமஸ்தானக் குழு. 1784இல் கவ்வின் முதல் தொகுதி அச்சாயிற்று. மகன் நத்தானியல் எடின்பரோவில் இசைநூல் வெளியீட்டையே தொழிலாக்கிக்கொண்டார். கார்டன் பிரபுவின் மாளிகையில் பணிபுரிந்த வில்லியம் மார்ஷல் (1748–1833) இயற்றிய மெட்டுகள் சில அவர் பெயரில்லாமல் கவ் குடும்பத்தின் தொகுதிகளில் இடம்பெற்றன. ஆக்கியோன் யார் என்ற பூசல் எழும் அளவுக்கு அச்சுச் சந்தை வளர்ந்திருந்தது என்பதை இது காட்டுகிறது. எழுத்தறியாத நாட்டுப்புறக் கலைஞரின் வாய்மொழி மரபு என்று இதை வருணிப்பவர்கள் இந்தப் புத்தக அடுக்கை எங்கே வைப்பார்கள்?

கேட்பதற்கென்றே ஆன இசை பின்னாளில் நுழைந்தது என்பதும் பொருந்தாது. கவ்வின் புகழ்பெற்ற படைப்பு, தம் இரண்டாம் மனைவியின் மறைவுக்காக அவர் இயற்றிய இரங்கல் மெட்டு. அதற்கு ஆட முடியாது. மார்ஷலின் ஸ்ட்ராத்ஸ்பேக்கள் பலவும் சாதாரண நடன வாத்தியக்காரரின் விரல்களுக்கு எளிதில் வசப்படாதவை. அவற்றை மெதுவாக வாசித்துக் கேட்பதே இன்றும் வழக்கம். ஆட்டமும் அவையும் ஒரே மனிதரின் இரு வேலைகளாக 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன.

இந்த அச்சு உலகம் எவ்வளவு தொலைவு பரவியது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுவர சாகித்தியங்கள், கம்பெனிப் படையின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த பிரித்தானியத் தீவுகளின் மெட்டுகளில் பலவற்றைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் அயர்லாந்து நடன மெட்டும் ஒன்று. மெட்டு கடல் கடந்து வந்தது. அதை ஆட்டத்துக்கு உயிர்ப்பித்த வில் வரவில்லை. சமஸ்கிருதச் சொற்களின் நடையில் அது வேறொரு உயிரைப் பெற்றது. மெட்டு பயணம் போகும், வில் போகாது என்ற வேறுபாடு ஸ்காட்லாந்துக்கு உள்ளேயும் செல்லும்.

வில்லில் அப்படி என்ன இருக்கிறது? ஸ்ட்ராத்ஸ்பேயை எடுத்துக்கொள்வோம். ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய, நான்கு அடிகள் கொண்ட நடன வடிவம் அது. ஒவ்வோர் அடியும் சமமற்ற இரு துண்டுகளாகப் பிரியும்: சில இடத்தில் நெடிலும் குறிலும், சில இடத்தில் குறிலும் நெடிலும். குறில் முதலில் வந்து அழுத்தம் பெறும் வெட்டே ஸ்காட்லாந்து இசையின் முகவரி. தாளில் இதைப் புள்ளி வைத்து எழுதிவிடலாம். எழுதியதை எழுதியவாறே வாசித்தால் நொண்டி நடைதான் கிடைக்கும். வில் எந்த இடத்தில் நின்று மறுபடி கிளம்புகிறது, எந்தக் குறிலை உதறி எறிகிறது, பல சுரங்களை ஒரே மேல்வீச்சில் நிறுத்தி நிறுத்தித் தள்ளும்போது மணிக்கட்டு எவ்வளவு இறுக வேண்டும் என்பவை புள்ளியில் அடங்கவில்லை. நீல் கவ்வைக் கேட்ட சமகாலத்தவர்கள் வியந்து குறிப்பிட்டதும் அவருடைய மேல்வீச்சின் வலுவையே. இளம் வயதில் அவர் வென்ற போட்டியில் பார்வையற்ற நடுவர், நூறு பேர் வாசித்தாலும் நீலின் வில்லை இனம் கண்டுகொள்வேன் என்று சொன்னதாக மரபுச் செய்தி உண்டு. விரலையோ மெட்டையோ அவர் சொல்லவில்லை.

ஸ்ட்ராத்ஸ்பே மன்னர் என்று பெயர் பெற்ற ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) இந்தச் சிக்கலைத் தெளிவாக உணர்ந்தவர். பாங்கரியில் பிறந்து, சிறுவயதில் ஒரு சிறுவர் இசைக்குழுவில் சேர்ந்து நாடெங்கும் சுற்றி, நடன ஆசிரியராக வாழ்ந்து, பிறகு கில்ட் அணிந்து கச்சேரி மேடை ஏறியவர். வில் முறைக்கென்றே தனி வழிகாட்டி நூல் எழுதினார். 1899 முதல் ஒலிப்பதிவும் செய்தார். நூலைக் குறிகளால் நிரப்பிய அதே மனிதரின் ஒலிப்பதிவைக் கேட்டால், குறிகள் சொல்லாத எவ்வளவோ அவர் வில்லில் ஓடுவது புரியும். 1974இல் யெஹூதி மெனுஹின், அபர்டீன்ஷயரின் ஹெக்டர் மக்காண்ட்ரூவோடு (1903–1980) பிளேர் கோட்டையில் தொலைக்காட்சிக்காகச் சேர்ந்து வாசித்தார். உலகின் தலைசிறந்த வயலின் கலைஞர் ஒருவர், எந்தச் சுரமும் தமக்குப் புதிதல்லாத ஓர் இசைக்காக இன்னொருவரின் வலக்கையைப் பார்த்துக் கற்க நேர்ந்தது. மக்காண்ட்ரூ தம் தாத்தாவின் ஆசிரியர் வழியாக நீல் கவ் வரை தம் பாடாந்தரத்தைக் கொண்டுசென்றவர். அந்தத் தலைமுறைச் சங்கிலி முழுவதும் வலக்கைகளால் ஆனது.

இடையில் வந்த ஒரு நூற்றாண்டு இந்தக் கைத்தொடர்புக்கு நல்ல காலமாக அமையவில்லை. எடின்பரோவில் 1881இல் தொடங்கிய ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் சங்கமும் அதைப் பின்பற்றிப் பிற ஊர்களில் எழுந்த சங்கங்களும் இசையை அழியாமல் காத்தன; அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆயினும் பலர் ஒரே இசைக்குறிப்பை முன்வைத்து ஒரே வில் திசையில் வாசிக்கும் திரள் வாசிப்பில் ஊர்ப் பாணிகள் மழுங்கின. வடகிழக்கின் கூரிய, நறுக்கென்ற வில்லும், மேற்குக் கரையில் பைக் குழலின் அலங்காரங்களை விரலில் ஏற்றிய வாசிப்பும், திறந்த தந்திகளை ஒலிக்கவிட்டு நார்வேயின் சாயலோடு செல்லும் ஷெட்லாந்து நடையும் ஒரே வரிசையில் அமர்ந்தால் மூன்றும் தம் அடையாளத்தை இழக்கும். ஷெட்லாந்தில் டாம் ஆண்டர்சன் (1910–1991) மெட்டுகளைத் திரட்டியதோடு, 1970களில் ஃபிடில் பள்ளிகளில் கற்பிக்கப்படவும் பாடுபட்டார். ஏட்டைக் காப்பதோடு கையைக் காப்பதும் வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். அவரிடம் பயின்ற அலி பெயினின் வில் அதற்குச் சாட்சி.

இனி விழாவுக்கு வருவோம். எடின்பரோ விழாவின் நாட்களைக் கலைஞரின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். காலையில் ஒரு பயிலரங்கு. பதினைந்தோ இருபதோ பேர் வட்டமாக அமர்ந்திருப்பார்கள். பள்ளிப் பிள்ளையும் ஓய்வுபெற்ற பொறியாளரும் அருகருகே. பெரும்பாலும் தாள் இருக்காது. கலைஞர் ஒரு சொற்றொடரை வாசிப்பார், எல்லோரும் திருப்பி வாசிப்பார்கள். விரல்கள் பிடிபட்டபின் பேச்சு முழுவதும் வில்லைப் பற்றியதாக மாறிவிடும். பகலில் குறுங்கச்சேரி. மாலையில் பெருங்கச்சேரி, அல்லது கெய்லி நடனத்துக்கு வாசிப்பு. இரவு மதுக்கூடத்தின் மூலையில் மேசையைச் சுற்றி நடக்கும் செஷனில் அதே கலைஞர், காலையில் தம்மிடம் கற்றவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, யாருடைய பெயரும் அறிவிக்கப்படாமல் வாசித்துக்கொண்டிருப்பார். ஆசிரியர், வித்வான், ஆட்டத்துக்குத் துணை, கூட்டத்தில் ஒருவர் என்ற நான்கு நிலைகளையும் ஒருவரே கடப்பது, செவ்வியல் இசையின் கச்சேரி உலகில் அரிது. நீல் கவ்வுக்கு இது இயல்பாக இருந்திருக்கும். மேடை மரபைத் துண்டித்தது என்போர் இந்த நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று கேப் பிரெட்டனிலிருந்து கிடைக்கிறது. மேட்டுநிலத்தாரும் தீவினரும் குடிபெயர்ந்து வாழும் அந்தக் கனடியத் தீவில் ஃபிடில் வாசிப்போர் மறைந்துவருகிறார்கள் என்று 1970களின் தொடக்கத்தில் ஓர் ஆவணப்படம் எச்சரித்தது. அதற்கு மறுமொழியாக 1973இல் கிளென்டேலில் நடந்த விழாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபிடில் கலைஞர்கள் கூடினர். அங்கு மரபை மேடை கெடுக்கவில்லை. அழிந்துவிட்டதாக நினைத்ததைத் தம் கண்ணாலேயே எண்ணிப் பார்க்கும் வாய்ப்பை அது மக்களுக்குத் தந்தது. பின்னர் 1980களில், கிளாக்மன்னனில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய அலஸ்டர் ஃப்ரேசர், ஸ்கை தீவின் சபால் மோர் ஒஸ்டெய்க் கேலிக் கல்லூரியில் கோடைப் பயிற்சிகள் நடத்தினார். கேப் பிரெட்டனின் பட்டி மக்மாஸ்டர் (1924–2014) அங்கு வந்து கற்பித்தார். கால் நடனத்தோடு இறுகப் பிணைந்த அவருடைய வில் துடிப்பைக் கேட்ட ஸ்காட்லாந்து இளைஞர்கள், தங்கள் வாசிப்பிலிருந்து நழுவிப்போன ஒன்றை அதில் கண்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கேப் பிரெட்டன் 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தைக் கலப்பில்லாமல் காத்துவைத்திருக்கிறது என்ற கூற்று மிகையானது. அத்தீவின் கலைஞர்கள் கவ், மார்ஷல், ஸ்கின்னர் தொகுதிகளைத் தேடித்தேடி வாங்கி, அவற்றிலிருந்து ஏராளமான மெட்டுகளைக் கற்றவர்கள். அவர்களுடைய துள்ளும் பியானோத் துணை பிற்காலத்து வளர்ச்சி. ஸ்கை தீவில் கைமாறியது பழமையின் படிமம் அல்ல. நடனத்துக்கு இடைவிடாமல் வாசித்துப் பழகிய ஒரு கையின் துடிப்பு. அது எந்த நூற்றாண்டுக்கு உரியது என்ற கேள்வியைவிட, எப்படிக் கடத்தப்பட்டது என்ற கேள்வியே ஆய்வாளருக்குப் பயன் தரும்.

மேடையே ஊர்ப் பாணிகளைக் கேட்கச் செய்த நிகழ்வும் உண்டு. 1998இல் மேட்டுநில விழாவின் சுற்றுப்பயணத்துக்காக உருவான பிளேஸிங் ஃபிடில்ஸ் குழுவில் ஷெட்லாந்து, ஓபன், இன்வர்னஸ், கிளென்ஃபினன் எனப் பல பகுதிகளின் கலைஞர்கள் சேர்ந்தனர். தனித்தனியே வாசித்துத் தம் பகுதியின் நடையைக் காட்டிவிட்டு, பிறகு சேர்ந்து வாசிக்கும் அமைப்பு அது. சங்கங்களின் திரள் வாசிப்பு மறைத்த வேறுபாட்டை இந்த வரிசை வெளிக்கொண்டுவந்தது.

ஆனால் அதே மேடை எதை விரும்புகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரவு பத்து மணிக்கு நிறைந்த அவையை எழுப்ப ரீல் என்னும் விரைவான நடன மெட்டு உதவுகிறது. விரைவு, பலர் சேர்ந்த ஒலி, கிதார், பியானோவின் உந்துதல் எல்லாம் அதற்குத் துணை. கலைஞர் தாமே இயற்றிய மெட்டுகளும் இந்த வார்ப்பில் எளிதில் அமைகின்றன. ஸ்ட்ராத்ஸ்பேயோ நிதானம் கேட்பது. பக்கவாத்தியம் அழுத்தினால் அதன் வெட்டுகள் தட்டையாகிவிடும்; தனி வில்லின் மூச்சு கேட்டால்தான் அது நிற்கும். ஆகவே இரவு மேடையில் ஸ்ட்ராத்ஸ்பே பெரும்பாலும் ரீலுக்கு முன் வாசிக்கும் ஒரு சுருக்கமான வாசற்படியாகிவிடுகிறது. பிளேர் கோட்டையில் நடந்துவந்த ஃபிடில் போட்டி அணிநடை மெட்டு, ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் என்ற வரிசையைக் கட்டாயமாக்கியதன் மூலம் அதற்கு இடம் வைத்தது. ஆனால் போட்டியின் கட்டாயம் பிழையற்ற வாசிப்பைத் தரலாம், ஆடவைக்கும் வாசிப்பைத் தரும் என்பதற்கு உறுதியில்லை. மேடையில் சுருங்கிய வடிவம் இன்று முழுமையாக வாழும் இடம் பயிலரங்கு என்பது என் முடிவு. அங்குதான் ஒரே ஸ்ட்ராத்ஸ்பேயோடு ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது.

இதிலிருந்து விழா அமைப்பாளருக்கும் ஒரு கேள்வி எழுகிறது. கிளாஸ்கோவில் இன்று ஸ்காட்லாந்து ராயல் கன்சர்வேட்டரி எனப்படும் நிறுவனம் 1996 முதல் மரபிசையில் பட்டப்படிப்பு நடத்துகிறது; விழா மேடைகளில் வரும் இளைஞர்களில் பலர் அங்கு பயின்றவர்கள். தேர்ச்சியில் அவர்களைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் எல்லோரும் ஒரே வகுப்பறையில் ஒருவரையொருவர் கேட்டு வளரும்போது, பகுதி நடைகள் மறுபடி ஒன்றோடொன்று கரைய வாய்ப்பிருக்கிறது. அதற்கு மாற்று, பட்டம் பெறாத மூத்த நடன வாத்தியக்காரர்களைப் பயிலரங்கில் ஆசிரியராக அமர்த்துவதும், ஒரு மாலையையேனும் துணையில்லாத தனி ஃபிடிலுக்கு ஒதுக்குவதும்தான்.

அலஸ்டர் ஃப்ரேசரும் செல்லோக் கலைஞர் நாடலி ஹாஸும் 2004இல் வெளியிட்ட ‘ஃபயர் அண்ட் கிரேஸ்’ ஒலித்தட்டு, நிதானத்துக்கும் அவை உண்டு என்று காட்டியிருக்கிறது. நீலும் டொனால்டும் நடன அரங்கில் வைத்திருந்த அதே ஃபிடில்–செல்லோ இணைவு அது. அதில் செல்லோ தாளத்தை வெட்டிக் கொடுக்க, ஃபிடிலின் மேல்வீச்சு மறைக்கப்படாமல் ஒலிக்கிறது. ஸ்காட்லாந்தின் மரபிசை விருதுகளில் அவ்வாண்டின் சிறந்த தொகுப்பாகவும் அது தேர்வு பெற்றது. இருவரும் கச்சேரிகளுக்கு இணையாகக் கோடைப் பயிற்சி முகாம்களில் கற்பித்தும் வருகிறார்கள். அங்கே ஃபிடில் மாணவர்களோடு செல்லோ மாணவர்களும் நடனத்துக்கு வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.