பிளாஸ்மா: பொருள்வரலாறும் தமிழாக்கமும்

ஏர்பேட்டில் வளாகம் கொண்டுள்ள திருப்பதி இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் உயிரியலும் இயற்பியலும் அடுத்தடுத்த துறைகள். 'பிளாஸ்மா' இரண்டிற்கும் பொதுச்சொல், பொருளோ வேறு. முன்னதில் அது குருதியணுக்களைத் தாங்கிச் செல்லும் வெளிர்மஞ்சள் நீர்மம். பின்னதில் அயனிகளும் எலக்ட்ரான்களும் விரவி, மொத்தத்தில் மின்சமநிலை எய்திய வளிமம்.

கிரேக்கத்தில் இச்சொல்லுக்கு 'வனையப்பட்டது' என்பது பொருள். 'பிளாஸ்டிக்' என்பதும் அவ்வேரினதே. திருச்சபை இலத்தீனில், முதலில் படைக்கப்பட்டவனாகிய ஆதாம் 'புரோட்டோபிளாஸ்டஸ்' எனப்பட்டான். உடலியலறிஞர் புர்க்கின்யே 1839இல் 'புரோட்டோபிளாசம்' என்னும் சொல்லை ஆண்டார். இதற்கு இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் 'முதலுரு' வேர்ப்பொருளைச் சிதையாமல் ஏந்தி நிற்பது போற்றத்தக்கது. குருதியின் நீர்ப்பகுதிக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே பிளாஸ்மா என்னும் பெயர் அமைந்துவிட்டது.

குரூக்ஸ் 1879இல் மின்னிறக்கக் குழாயில் கண்டதைப் பருப்பொருளின் நான்காம் நிலையெனக் கருதினார். அதனைக் 'கதிர்ப்பொருள்' என்றார். அப்பெயர் நிலைக்கவில்லை. 1928இல் இர்விங் லாங்மியூர் 'பிளாஸ்மா' என்றார். குருதிநீர்மம் அணுக்களைச் சுமப்பதுபோல் இவ்வளிமம் எலக்ட்ரான்களையும் அயனிகளையும் சுமப்பதே அவர் கண்ட ஒப்புமை என்று, உடன் பணியாற்றிய மாட்-ஸ்மித் 1971இல் நினைவுகூர்ந்தார். மருத்துவ இதழ்கள் தங்கள் கட்டுரைப் படிகளைக் கேட்டு எழுதிய தொல்லையையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை! ஆகவே இயற்பியல் வழக்கு மருத்துவ வழக்கினின்று கிளைத்த உருவகமேயன்றி, கிரேக்க வேரிலிருந்து நேரே பிறந்ததன்று.

தமிழில் குருதிநீர்மம், அயனிமம், முதலுரு எனச் சொற்கள் பிரிந்தமையால் பொருள்மயக்கம் நீங்கிற்று. உருவகத் தொடர்பு மறைந்தது. எனினும் துறையறியாது அகராதியை மட்டும் நம்புவோர்க்கு இடர் தீரவில்லை. திருப்பதிக்கு அணித்தான காதங்கியில் 1024 அலைவாங்கிகள் கொண்ட ரேடார், வளிமண்டலத்தோடு அயனி மண்டலத்தையும் ஆராய்கிறது. கதிரவன் மறைந்தபின் அம்மண்டலத்தில் எழும் அடர்த்தி குறைந்த பகுதிகள் 'பிளாஸ்மாக் குமிழிகள்' எனப்படுகின்றன. இதனைக் 'குருதிநீர்மக் குமிழி' எனப் பெயர்த்தால் வானில் குருதி பாயும். 'அயனிமக் குமிழி' எனினோ, 'அயனி மண்டலத்து அயனிமம்' எனக் கூறியது கூறல் நேர்கிறது. எலக்ட்ரான்களின் பங்கும் புலப்படுவதில்லை.

2020இல் கொரோனா நோய்க்குப் 'பிளாஸ்மா சிகிச்சை' பேசப்பட்டபோது நாளிதழ்கள் மூலச்சொல்லையே கையாண்டன. அங்குக் குருதிநீர்மம் எளிதாகப் பொருந்தியிருக்கும். பெயர்க்க இயலுமிடத்தில் கடன்சொல்லைக் கொள்வதும், இயலாவிடத்தில் அயனிமம் என இடர்ப்படுவதும் தலைகீழான முறை. இயற்பியலுக்குப் பிளாஸ்மாவை விட்டுவைத்து, மருத்துவத்திற்குக் குருதிநீர்மத்தை நிலைநாட்டுவதே தக்கது.