காபி மெஷின் ஏன் சொட்டுகிறது? ஒரு சின்ன வரலாறு

போன மார்ச் மாதம் பி பிளாக் லிஃப்டில் என்னோடு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். நானும் எனக்கு நேர் கீழே குடியிருக்கும் அம்மாவும் இரண்டு வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். காரணம், என் சமையலறை மேடையில் இருக்கும் எஸ்பிரஸ்ஸோ மெஷின். அதன் அடியிலிருந்து கசிந்த தண்ணீர் மேடைக்குப் பின்னால் இறங்கி, அவர் வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில், விளக்குக்குப் பக்கத்திலேயே, ஒரு தட்டு அகலத்துக்குக் கறை போட்டுவிட்டது. நொடிக்கு ஒரு சொட்டுதானே என்று நினைக்காதீர்கள். மணிக்கு ஒரு டம்ளர், ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல்.

பார்க்க வந்த மெக்கானிக், மூடியைக்கூடக் கழற்றாமல் "பாய்லரையே மாத்தணும் சார்" என்று மெஷின் விலையில் பாதியைச் சொன்னார். அந்தக் கோபத்தில்தான் நான் வரலாறு படிக்க ஆரம்பித்தேன். நம் வளாகத்திலும் இப்போது இந்த மெஷின் உள்ள வீடுகள் கூடிவிட்டன. படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நம் பித்தளை ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அழுத்தம் என்பதே இல்லை. தண்ணீர் தன் எடையால் தானாக இறங்குகிறது. அதற்கு வரும் ஒரே நோய் ஓட்டை அடைப்பது. அதற்கும் பாட்டி வைத்தியம் உண்டு, மேல் பாத்திரத்தை அடுப்புத் தீயில் காட்டித் தட்டினால் போதும். அது ஒழுகுவதே நமக்குக் காபி.

இத்தாலியர்கள் வேறு வழியில் போனார்கள். 1884-ல் டூரின் நகரப் பொருட்காட்சியில் ஆஞ்செலோ மொரியோந்தோ என்பவர் நீராவியால் காபி இறக்கும் இயந்திரத்தைக் காட்டிக் காப்புரிமை வாங்கினார். அது மொத்தமாகக் காபி போடும் அண்டா மாதிரி. 1901-ல் மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேரா ஒரு மாற்றம் செய்தார்: காபித் தூளை ஒரு கைப்பிடிக் கிண்ணத்தில் போட்டு, அதை இயந்திரத் தலையில் திருகி மாட்டி, கோப்பை கோப்பையாக இறக்குவது. இன்று நாம் போர்ட்டாஃபில்டர் என்கிறோமே, அதுதான். நம் கதைக்கு இந்த இடம் முக்கியம். கழற்றி மாட்டும் இடம் ஒன்று வந்துவிட்டால் அங்கே ஒரு இடைவெளி வரும். இடைவெளியை அடைக்க வளையம் வேண்டும். வளையம் ஒருநாள் தேயும்.

அந்தக் காலத்து மெஷின்களில் அழுத்தம் ஒன்றரை பார் அளவுதான். நீராவி நேராகத் தூளில் பட்டுக் காபி கருகிய வாடை அடித்தது. ஆகில்லே காஜா 1938-ல் அதற்கு மாற்று வழிக்குக் காப்புரிமை பெற்றார். (தையல்காரர் போடும் காஜா இல்லை, இத்தாலியப் பெயர்.) போர் முடிந்த பிறகு ஸ்பிரிங் வைத்த நெம்புகோல் மெஷின் வந்தது. கையால் நெம்பினால் ஸ்பிரிங் வெந்நீரை எட்டு ஒன்பது பார் அழுத்தத்தில் தூள் வழியே தள்ளும். மேலே பொன்னிற நுரை கட்டியது. அந்த நுரைதான் இன்றைய எஸ்பிரஸ்ஸோவுக்கு அடையாளம்.

1961-ல் ஃபாயேமா நிறுவனத்தின் எர்னெஸ்டோ வலென்டே நெம்புகோலை எடுத்துவிட்டு மின்சாரப் பம்பு வைத்தார். அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. கிரகணத்தின் இத்தாலியச் சொல்லும் ஆங்கிலத்தின் ‘இ’ எழுத்தில்தான் தொடங்குகிறது. அதை ஆண்டோடு சேர்த்து மெஷினுக்கு ‘இ61’ என்று பெயர் வைத்தார்கள். அதன் தலைப்பகுதி ஏறக்குறைய நான்கு கிலோ எடை. வெந்நீர் அதற்குள் ஓயாமல் சுற்றிவந்து அதைச் சூடாகவே வைத்திருக்கும். காபிக்கு அது நல்லது, ரப்பருக்குக் கெட்டது. நாள் முழுக்கச் சூட்டில் இருக்கும் வளையம் வெந்து, இறுகி, பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் ஒரு சௌகரியம்: அந்தத் தலையைப் பல நிறுவனங்கள் இன்றும் அப்படியே செய்கின்றன. அதனால் அறுபது வருடத்துக்கு முன் வரைந்த தலைக்கான வளையம் இப்போதும் ஆன்லைனில் கிடைக்கிறது. உங்கள் செல்போன் சார்ஜருக்கு இந்த மரியாதை கிடைக்குமா?

நம் ஊருக்கு ‘எஸ்பிரஸ்ஸோ’ வந்தது கல்யாண வரவேற்பு வழியாக. பளபளக்கும் பெரிய உருளை, ‘உஸ்’ என்று நீராவி, நுரைத்த பால், இன்ஸ்டன்ட் தூள், மேலே ஒரு சிட்டிகை கோகோ. உண்மையான எஸ்பிரஸ்ஸோவுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. ஆனாலும் அந்தக் கப்புக்காக நான் வரிசையில் நின்றிருக்கிறேன், இன்றும் நிற்பேன். 1996-ல் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் முதல் கஃபே காபி டே திறந்த பிறகுதான் அழுத்தத்தில் இறக்கிய காபி நம் பக்கம் சாதாரணமாயிற்று. வீட்டு மேடைக்கு வந்தது அதற்கும் வெகு பின்னால்.

இப்போது என் மெஷினுக்கு வருகிறேன். கீழ் வீட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் வாசலிலேயே கேட்டார்: "ஏன் தம்பி, குக்கர்ல ஆவி போனா காஸ்கெட்டைத்தானே பார்ப்போம்? குக்கரையா மாத்துவோம்?" 1959-ல் இந்தியாவில் பிரஸ்டீஜும் ஹாக்கின்ஸும் குக்கர் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து நம் வீட்டுப் பெண்கள் அழுத்தத்தையும் வளையத்தையும் சேஃப்டி வால்வையும் தினமும் கையாள்கிறார்கள். எனக்கு உறைக்காமல் போனது அதுதான்.

அன்று மாலை பிளக்கைப் பிடுங்கி, மெஷின் முழுக்க ஆறிய பிறகு, நீராவிக் குழாயைத் திறந்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு மூடியைக் கழற்றினேன். பாய்லர் நன்றாகவே இருந்தது. அதன் உச்சியில் உள்ள சின்ன வால்வைச் சுற்றி மட்டும் வெள்ளைப் படிவு. மெஷின் ஆறும்போது உள்ளே காற்றை விடவும், சூடேறியதும் தானாக மூடிக்கொள்ளவும் வைத்த வால்வு அது. படிவு சேர்ந்ததால் முழுசாக மூடவில்லை. நீராவி வெளியேறி மூடியின் உட்புறத்தில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டியது. டேங்க் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியானதை நான் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன்.

மளிகைக் கடையில் ‘எலுமிச்சை உப்பு’ என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 20 கிராம் போட்டு வால்வை ஊறவைத்தேன். நுரைத்துக் கரைந்தது. அதே கரைசலைப் பாய்லருக்குள் ஊற்ற அவசரப்படாதீர்கள். அலுமினியப் பாய்லர் என்றால் அரிக்கலாம், பெயர்ந்த செதில் வேறொரு வால்வில் போய்ச் சிக்கலாம். உங்கள் மெஷினின் கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

எல்லாச் சொட்டும் கசிவு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். காபி இறங்கி முடிந்ததும் தட்டில் ‘புஸ்’ என்று விழும் தண்ணீர், மிச்ச அழுத்தத்தை வெளியேற்றும் வால்வின் வேலை. தட்டு நிரம்பி வழிவதைக் கசிவு என்று சர்வீசுக்குக் கூப்பிட்டவர்கள் உண்டு. கைப்பிடியைச் சுற்றி ஒழுகினால், முதலில் வளையத்தில் ஒட்டிய பழைய தூளை பிரஷ்ஷால் தேயுங்கள். நிற்கவில்லை என்றால் வளையத்தை மாற்றுங்கள். தினமும் பயன்படுத்துபவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மெஷினைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் மட்டும் எதையும் தொடாதீர்கள். மின்பகுதியில் ஈரம் இருக்கலாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

படிவு எங்கிருந்து வந்தது? நம் தண்ணீரிலிருந்து. போரும் லாரியும் கலந்து சம்ப்பில் விழும் தண்ணீர் கடினமானது. சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெளியே வந்து ஒட்டிக்கொள்கிறது. உங்கள் கீசர் காயிலில் இருப்பதும் இதே வெள்ளைதான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை என்கிறது இந்தியத் தரநிலை. மனிதன் 600-ஐத் தாங்குவான், காபி மெஷின் தாங்காது. ஆர்.ஓ. வீணாக்கும் தண்ணீரைப் பார்த்து மனசு கேட்காமல், ஒரு வருடமாக நான் ஊற்றியது சமையலறைக் குழாய்த் தண்ணீர். பேஸ்மென்டில் சாஃப்ட்னர் இருக்கிறதே என்ற தைரியம். பிறகு அங்கே போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். சாஃப்ட்னர் ரெசினுக்கு அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டால்தான் அது சுண்ணாம்பைப் பிடிக்கும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் உப்புப் போட்ட குறிப்பே இல்லை. கமிட்டியில் எழுதிக் கொடுத்தேன். இப்போது தேதியும் கையெழுத்தும் வாரந்தோறும் விழுகின்றன.

அதற்காக முழுக்க ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றிவிடாதீர்கள். உப்பே இல்லாத நீர் உலோகத்தை அரிக்கும். சில மெஷின்களின் நீர்மட்ட உணரிக்கு அந்தத் தண்ணீர் இருப்பதே தெரியாது. டிடிஎஸ் 150 பக்கம் இருந்தால் மெஷினுக்கும் நாக்குக்கும் ஒத்துப்போகும். என் ஆர்.ஓ.வில் உள்ள திருகை அதற்கேற்ப வைத்திருக்கிறேன்.

சீலிங் வேலைக்கான பணத்தைக் கொடுத்தேன். கீழ் வீட்டு அம்மா வாங்கிக்கொண்டு, என் எஸ்பிரஸ்ஸோவை ஒரு வாய் குடித்துப் பார்த்து, டிகாக்‌ஷன் சரி, பால் எங்கே என்று கேட்டார். டிடிஎஸ் மீட்டர் என்னிடம் இருக்கிறது. தேவைப்படுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்ளலாம்.