நல்லேப்பிள்ளியிலிருந்து சென்னை: வான்வழித் தொலைவும் உண்மையான பயண நேரமும்

பாலக்காடு மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. சித்தூர் வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள நல்லேப்பிள்ளி மக்களுக்கு மிக அருகில் இருப்பது கோவை பீளமேடு விமான நிலையமே. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வழியாக காரில் செல்ல ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். பாலக்காட்டுக் கணவாய் மலைத்தொடரில் திறந்த வாயிலாக இருப்பதால், இந்தப் பாதையில் மலையேற்றம் கிடையாது.

கோவைக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 405 கிலோமீட்டர். ரயில் பாதையிலோ அது ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இணையத்தில் காட்டப்படும் வான்வழித் தொலைவு, புவிப்பரப்பின் மீது இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். ஆனால் விமானங்கள் வகுக்கப்பட்ட வான்பாதையில் பறந்து, ஓடுபாதையின் திசைக்கேற்பச் சுற்றியே இறங்குகின்றன. எனவே பறக்கும் தூரம் சற்றுக் கூடும்.

ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்றால் அரை மணி நேரத்தில் சென்னையை அடைய வேண்டுமே என்ற கேள்வி எழலாம். இத்தகைய குறுகிய தடத்தில் விமானம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே பெரும்பகுதி நேரம் கழிந்துவிடுகிறது. பயணச்சீட்டில் குறிக்கப்படும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரையிலானது. அதனால் அது ஒரு மணி 10 நிமிடத்தை ஒட்டி அமைகிறது.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் நிலை மாறும். காலை 9 மணி விமானம் எனக் கொண்டால், நல்லேப்பிள்ளியிலிருந்து 6 மணிக்குப் புறப்பட வேண்டும். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரத்திற்கு முன்பே பதிவு முடிந்துவிடும். பெட்டியைப் பெற்றுக்கொண்டு மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் செல்ல 11.30 ஆகிவிடும். மொத்தம் ஐந்தரை மணி நேரம்.

2023 ஏப்ரல் 8-ஆம் தேதி தொடங்கப்பட்ட கோவை–சென்னை வந்தே பாரத் ரயில், ஆறு மணி நேரத்திற்குள் சென்னை சென்ட்ரலை அடைகிறது. வீட்டிலிருந்து கோவை ரயில் நிலையம் செல்லும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ ஏழரை மணி நேரம். ஆக, விமானத்தால் மிச்சமாவது சுமார் இரண்டு மணி நேரமே. விமானம் தாமதமானால் அதுவும் கரைந்துவிடும். பாலக்காடு சந்திப்பில் மாலையிலோ இரவிலோ ரயில் ஏறி காலையில் சென்னையில் இறங்குவோருக்குப் பகல் நேரம் வீணாவதே இல்லை.

வளைகுடா செல்வோரின் கணக்கு வேறு. கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு விமானம் உண்டு என்றாலும், கூடுதல் சேவைகளுக்காகப் பலர் கொச்சி நெடும்பாசேரிக்கே செல்கின்றனர். சாலைத் தொலைவு 100 கிலோமீட்டருக்கு மேல். குதிரான் சுரங்கச்சாலை திறக்கப்பட்டபின் அந்த வழியில் நெரிசல் குறைந்துள்ளது. கொச்சி–துபாய் வான்வழித் தொலைவு சுமார் 2,800 கிலோமீட்டர், பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். துபாய் நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம், சீட்டில் பகல் 12.30-க்குச் சேர்வதாகத் தோன்றும்.

தேதியிலும் கவனம் தேவை. 15-ஆம் தேதி 00.30 மணி என்று அச்சிடப்பட்டிருந்தால், 14-ஆம் தேதி மாலையே வீட்டிலிருந்து புறப்பட்டாக வேண்டும்.