இன்றியமையாப் பாதுகாப்புப் பணிகள் சட்டம், 2021

இன்றியமையாப் பாதுகாப்புப் பணிகள் சட்டம், 2021 என்பது படைக்கலத் தொழிற்சாலைகள் போன்ற பாதுகாப்பு உற்பத்தி நிறுவனங்களில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய நடுவண் அரசுக்கு அதிகாரமளித்த இந்தியச் சட்டமாகும். ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலை, இஞ்சின் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை ஆகிய மூன்றும் இதன் வரம்பிற்குள் வந்தன.

பின்னணி

41 தொழிற்சாலைகளைக் கொண்டிருந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு அரசு நிறுவனங்களாக மாற்ற 2021 சூன் 16 அன்று நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 70,000 தொழிலாளர்களின் அரசு ஊழியர் தகுதி என்னவாகும் என்பதே சிக்கலின் மையம். தொழிலாளர் கூட்டமைப்புகள் சூலை 26 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்யவிருப்பதாக அறிவித்தன. இவற்றுள் ஆளுங்கட்சியுடன் ஒரே சித்தாந்த மரபைச் சேர்ந்த சங்கமும் இருந்தது குறிப்பிடத்தக்கது.

காலக்கெடு

அப்பொழுது நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை. எனவே அரசியலமைப்பின் 123ஆம் உறுப்பின்படி சூன் 30 அன்று குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். இத்தகைய சட்டம் அவைகள் மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரங்களில் காலாவதியாகிவிடும். மழைக்காலக் கூட்டத்தொடர் சூலை 19 அன்று தொடங்கியதால் ஆகத்து இறுதி வரையே அவகாசம் இருந்தது. கூட்டத்தொடரோ ஆகத்து 13 அன்று முடிவதாகத் திட்டமிடப்பட்டிருந்தது. ஆகவே உண்மையான கெடு அதுவே.

சட்டமுன்வரைவு சூலை 22 அன்று மக்களவையில் அறிமுகமானது. பெகாசசு ஒட்டுக்கேட்பு விவகாரத்தால் அவை அன்றாடம் முடங்கியது. அந்த அமளிக்கிடையே ஆகத்து 3 அன்று மக்களவையும், ஆகத்து 5 அன்று மாநிலங்களவையும் இதனைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றின. பல்லாயிரம் குடும்பங்களைத் தொட்ட சட்டத்திற்கு முழுமையான விவாதம் கிட்டவில்லை. கூட்டத்தொடர் திட்டமிட்டதற்கு இரு நாள் முன்னதாக, ஆகத்து 11 அன்றே முடித்துக்கொள்ளப்பட்டது.

உள்ளடக்கம்

கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தலும் வேலைநிறுத்தமாகவே கருதப்பட்டது. தடையை மீறிப் பங்கேற்போருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இச்சட்டம் இடமளித்தது. தூண்டுவோருக்கு இது ஈராண்டு, 15,000 ரூபாய் என உயர்ந்தது. சட்டத்தின் ஆயுள் ஓராண்டு மட்டுமே எனப் பாதுகாப்பு அமைச்சர் இராச்நாத் சிங் அவையில் தெரிவித்தார்.

விளைவு

சூலை 26 வேலைநிறுத்தம் நடைபெறவில்லை. அக்டோபர் 1 அன்று வாரியம் கலைக்கப்பட்டது. கனரக வாகன, இஞ்சின் தொழிற்சாலைகள் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்திலும், உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்திலும் சேர்க்கப்பட்டன. ஊழியர்கள் தொடக்கத்தில் ஈராண்டுகளுக்கு அயற்பணியில் இருப்பவர்களாகக் கருதப்பட்டனர். அக்காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது.