சுரங்கம்

இடையர் ஊதும் குழலுக்குக் கிரேக்கத்தில் ‘சிரிங்ஸ்’ என்று பெயர். குழல்போல் நீண்ட நிலத்தடி வழிக்கும் அதுவே பெயர். வடமொழியின் ‘சுருங்கா’ அங்கிருந்து வந்தது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. அர்த்தசாஸ்திரம் அரண்மனையின் இரகசிய வழியை அப்படித்தான் சொல்கிறது.

தமிழில் அது ‘சுருங்கை’. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழையுமிடத்தில், அகழியருகே ஒரு சுருங்கை வீதி வருகிறது. யானைகள் கூட்டமாகப் போய்வரும் அகலம் அதற்கு! ‘சுருங்கு’ என்ற வினையோடு இச்சொல்லைச் சேர்க்கத் தோன்றும். அந்த யானைகளை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. மதிலடியில் நீர் பாயும் மூடிய வழியும் சுருங்கையே.

இன்று நெய்வேலியில் வானம் பார்க்கத் திறந்து கிடக்கும் பழுப்பு நிலக்கரிப் பள்ளத்தையும் சுரங்கம் என்கிறோம்.