'பார்சல்' என்ற சொல்லின் கதை



ஆங்கிலப் பாடத்தில் ஒருநாள் 'எ பார்சல் ஆஃப் லேண்ட்' என்னும் தொடர் வந்தது. "சார், நிலத்தை எப்படிப் பொட்டலம் கட்டுவார்கள்?" என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அவன் கேட்டது நல்ல கேள்வி.

தாள் சுற்றிக் கயிறு கட்டி வரும் பொட்டலத்தைத்தான் நாம் பார்சல் என்கிறோம். ஆனால், தொடக்கத்தில் இச்சொல்லுக்குச் சுற்றுதல், கட்டுதல் என்ற பொருளே கிடையாது. லத்தீன் மொழியில் 'பார்ஸ்' என்றால் பங்கு. அதிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சு மொழியின் வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது. அன்று அதன் பொருள் 'சிறு பகுதி' என்பதே. மாணவன் கண்ட தொடருக்கு 'ஒரு துண்டு நிலம்' என்று பொருள். 'பார்ட் அண்ட் பார்சல்' என்றால் பிரிக்கவியலாத பகுதி.

பின்னர் சரக்கில் ஒரு பகுதியையும், அதைக் கட்டிய கட்டையும் இச்சொல் குறித்தது. 17-ஆம் நூற்றாண்டில் 'பொட்டலம்' என்ற பொருள் வழக்கில் வந்துவிட்டது.

அந்தப் பொருளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது அஞ்சல் துறை. பிரிட்டனில் 1883 ஆகஸ்டு 1-ஆம் நாள் பார்சல் அஞ்சல் தொடங்கியது. ஏழு இராத்தல் வரை எடையுள்ள பொட்டலத்தை ஏழை எளியவரும் குறைந்த கட்டணத்தில் அனுப்ப முடிந்தது. அப்போது அஞ்சல் துறைத் தலைவராக இருந்தவர் ஹென்றி ஃபாசெட். இளமையிலேயே இரு கண்களையும் இழந்தவர் அவர். அதுவரை 'லெட்டர் கேரியர்', அதாவது கடிதம் சுமப்பவர், எனப்பட்ட ஊழியர் அதன்பின் 'போஸ்ட்மேன்' ஆனார். அவர் சுமந்தது இனிக் கடிதம் மட்டுமன்று அல்லவா?

சொல்லின் பழைய பொருளும் மறையவில்லை. 'பார்சல் அவுட்' என்றால் கூறுபோடுதல். அதன் கசப்பை நம் தோட்டங்கள் நன்கு அறியும். 1950-களில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். வேலையையும் குடியிருந்த வீட்டையும் இழந்த குடும்பங்கள் பல.

இந்தத் துண்டாடலுக்கு மாற்றாக, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியவர்கள் தவணை முறையில் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். தோட்டத்தைக் கூறுபோட்டதும் பங்குதான்; காத்ததும் பங்குதான். ஒன்று பிரித்தது, மற்றொன்று சேர்த்தது.

மாணவர்களே, ஒரு சொல் புதிராகத் தோன்றினால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அகராதியைத் திறந்து அதன் வேரைத் தேடுங்கள். அந்த வேர் நம் வீட்டு வாசல் வரை வந்திருக்கக்கூடும்.