எவரைக் கேட்டனர்?

மக்கள் கருத்தே மக்களாட்சியின் உயிர் என்கிறோம். முடிகளைச் சாய்த்தது அக்கருத்து. முன்னோர் மொழிந்ததே முடிவு என்றிருந்த காலத்தை மாற்றியதும் அதுவே. ஆகவே, நூற்றுக்கு இத்தனை பேர் இவ்விதம் எண்ணுகின்றனர் என்று ஒரு கணக்கு நம்முன் நீட்டப்படும்போது, நமது தலை தானே தாழ்கிறது. தாழட்டும், ஆனால், தாழுமுன் வினவவேண்டும் என்பதன்றோ பகுத்தறிவு கற்பித்த பாடம்! எவரைக் கேட்டனர்? எவரைக் கேளாது விட்டனர்? கேட்ட நாளில் வீசிய காற்று எது?

1936-ஆம் ஆண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ எனும் ஏடு, ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பிற்று. ஏறத்தாழ 24 லட்சம் சீட்டுகள் திரும்பின. அவற்றை எண்ணி, லாண்டனே வெல்வார் என்று முரசறைந்தது ஏடு. நாடோ ரூஸ்வெல்ட்டைத் தேர்ந்தெடுத்தது. 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம் நின்றன! பிழை எங்கே? தொலைபேசியும் மோட்டாரும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் பெயர்களைத் திரட்டியிருந்தனர். வேலையிழந்து வீதியில் நின்றவனுக்கு அப்பட்டியலில் இடம் ஏது? சீட்டுப் பெற்றவர்களிலும் பெரும்பாலோர் விடை அனுப்பவில்லை. மிகச் சிறிய தொகையினரையே கேட்ட கேலப் நிறுவனம், பல தரத்தாரையும் கேட்டதால், வெல்பவர் எவர் என்பதைச் சரியாகச் சொல்லிற்று.

கணிக்கும் கலை பின்னர் வளர்ந்தது. ஆனால், செம்மையாகக் கணிக்கப்பட்ட கருத்தும் காற்றுக்கு ஆடும் நாணல்தான். அந்நாட்டில் குடியேறுவோர் பற்றி 1965-இல் கேலப் கேட்டபோது, அதிகமாக வரட்டும் என்றவர் நூற்றுக்கு 7 பேர். குறையட்டும் என்றவர் 33 பேர். ஆசியரை ஏறத்தாழ முழுதும் தடுத்த 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒதுக்கீட்டு முறையை ஒழித்த சட்டம் அதே 1965-இல்தான் பிறந்தது. அந்த வாயிலின் வழியே சென்ற தமிழர் எத்தனை ஆயிரம்! தேர்தல் ஆண்டான 2024-இல், குறையட்டும் என்றவர் 55 பேர். அடுத்த ஆண்டே அது 30 ஆயிற்று. ஓராண்டில் குடியேறிகளின் குணமா மாறிற்று? இல்லை. எல்லை கடப்போர் தொகை குறைந்தது, ஆட்சி மாறியது, அந்த ஆட்சியின் கெடுபிடி கண்முன் வந்தது. மேடை முழக்கம் ஓய்ந்ததும் மனமும் சற்றே தணிந்தது.

கடல் பல கடந்த கதைதானே என்பீர். கடலூர்த் துறைமுகத்தில் நின்று தெற்கே நோக்குங்கள். அதனினும் கொடிய கதை அண்மையிலேயே நடந்திருக்கிறது. அந்நாளில் கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காட்டிலிருந்தும், திருச்சி, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர் நம் மக்கள். காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் வளர்த்தனர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில், அவர்களது இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. பொறுக்குமா பேரினவாதம்? 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது; மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952-இல் கூடிய நாடாளுமன்றத்தில் அந்தக் காங்கிரசுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை!

இதன் நுட்பத்தைக் காணுங்கள். முதலில் ஒரு கூட்டத்தை ‘மக்கள்’ எனும் சொல்லிலிருந்தே நீக்கினர். பிறகு எஞ்சியோரைக் காட்டி, இதுவே மக்கள் தீர்ப்பு என்றனர். 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஒத்திவைத்தது. பங்கிடப்பட்டோர் பிரதிநிதிகள் அந்த மேசையில் இல்லை. அங்குக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்த 1988-ஆம் ஆண்டில், நாடற்றவருக்குக் குடியுரிமை தரும் சட்டம் ஒன்று வந்தது. எஞ்சியோர்க்கு வழிகாட்ட 2003-இல் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு மக்கள் கூட்டம் வாயிலில் நின்றது!

வாயிலில் நிற்போர் கதை சிதம்பரத்திற்குப் புதிதன்று. நந்தனார் தில்லையின் எல்லையை வலம்வந்து, உள்ளே செல்ல அஞ்சி நின்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. தீயில் மூழ்கி எழுந்த பின்னரே வழி திறந்ததாம். அன்று ஊரில் ஒரு கணக்கெடுத்திருந்தால், நுழையக்கூடாது என்ற விடையே மிகுந்திருக்கும். அதனால் அது நீதியாகிவிடுமா? மதிலுக்குள் இருந்தோரின் எண்ணிக்கையைக் கொண்டு, மதிலுக்கு வெளியே நின்றவரின் உரிமையை அளக்க ஒண்ணுமா?

தோழர்களே, இந்த வினாவை இனி நம்மை நோக்கியே திருப்புவோம். இன்று கடலூர், சிதம்பரம் பகுதிகளிலும் வடமாநிலத் தோழர்கள் செங்கல் சுமக்கின்றனர். உணவு விடுதிகளில் மேசை துடைக்கின்றனர். அவர்கள் அயல்நாட்டாரும் அல்லர், இந்நாட்டுக் குடிமக்கள். எனினும், நம் பிழைப்பைப் பறிக்க வந்தவர் என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் கேட்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின; பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து விசாரிக்க நேர்ந்தது. பொய்யைக் கொண்டு அச்சத்தை வளர்ப்பது எத்துணை எளிது என்பதை அன்று கண்டோம்.

இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு. இந்தி பேசும் ஏழையை வெறுப்பது வேறு. முன்னது உரிமைப் போர். பின்னது, நேற்று மலையகத்தில் நம்மவருக்கு இழைக்கப்பட்டதை இன்று நம் கையால் பிறர்க்கு இழைப்பது. கூலி குறைகிறதா? குறைத்துக் கொடுப்பவனைக் கேட்போம்; குறைந்த கூலி வாங்கப் பசியால் துரத்தப்பட்டவனைச் சங்கத்தில் சேர்ப்போம்.

மக்கள் கருத்தை நாம் மதிப்போம். அதனாலேயே அதை ஆராய்வோம். எந்த ஏடு எந்தக் கணக்கை வெளியிட்டாலும், எவரைப் பற்றிய கணக்கோ அவரைக் கேட்டனரா என்று முதலில் பார்ப்போம். கேட்கவில்லையெனில், நாமே சென்று கேட்போம்.